சம்பந்திக்கு ரொட்டியா?

நான் பிறந்த வீட்டில் ரொட்டி வாங்கினால் யாருக்கோ காய்ச்சல் என்று பொருள். ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளின் பின்னால் தகரப் பெட்டியைக் கட்டிக்கொண்டு சாயங்காலம் எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு வருவார். லயத்துக்கு, அதாவது எங்கள் வீட்டு வரிசைக்கு, முன்னால் நின்று ஹாரன் அடிப்பார். அம்மா போய் ஒரு முழு ரொட்டியை வாங்கிக்கொண்டு திரும்பினால், பக்கத்து வீட்டு அக்கா அங்கிருந்தே "யாருக்கு முடியல?" என்று கேட்பார். காய்ச்சல்காரர் அதைப் பால் இல்லாத வரக்கோப்பியில் தோய்த்துச் சாப்பிடுவார். மிச்சம் இருந்தால் எங்களுக்குக் கிடைக்கும். அதற்காகவே தம்பிக்குக் காய்ச்சல் வரவேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டதும் உண்டு.

அந்த ரொட்டிக்கு இன்று என் வீட்டில் நடக்கும் மரியாதையை அம்மா பார்த்தால் சிரிப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் சாண்ட்விச் செய்யப்போகிறேன் என்று தெரிந்தால் என் கணவர் பல் விளக்குவதற்கு முன்பே மேசையில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். கடையில் விற்கும் சாண்ட்விச்சை நானும் வாங்கிப் பார்த்திருக்கிறேன். இரண்டு துண்டு ரொட்டிக்கு நடுவில் வெள்ளரிக்காய் வந்துபோன அடையாளம் மட்டும் இருக்கும். என்னுடையது அப்படியல்ல. ஒன்று சாப்பிட்டால் பகல் பன்னிரண்டு மணி வரைக்கும் வயிறு வாயைத் திறக்காது.

அது பிறந்தது லோரியில். என் கணவர் மலேசியாவில் கோலா சாவா பக்கத்தில், நாங்கள் குடியிருக்கும் தோட்டத்திலேயே பழ லோரி ஓட்டுகிறார். செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு எண்ணெய் ஆலைக்குப் போனால் அங்கே லோரிகள் வரிசை பிடித்து நிற்கும். இறங்கிப்போய்ப் பசியாறலாம் என்றால் வரிசை நகர்ந்துவிடும், பின்னால் நிற்பவன் முன்னால் போய்விடுவான். சோறு கட்டிக் கொடுத்துப் பார்த்தேன். மடியெல்லாம் குழம்போடு வந்தார். தோசை கட்டிக் கொடுத்தேன். ஆறிப்போய் இழுத்தால் வரவில்லை என்று அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார். கை கழுவவும் அங்கே வசதியில்லை. பழத்து எண்ணெயும் டீசலும் ஒட்டிய கையால் எதைத் தொட்டுச் சாப்பிடுவது? சாப்பிடாமலே இருந்து இருந்து அவருக்கு வயிற்றில் புண் வந்தது. அதற்குப் பிறகுதான் எனக்கு ரொட்டி ஞாபகம் வந்தது.

செய்முறையைக் கேட்பவர்களுக்கு நான் எதையும் மறைத்ததில்லை. ரொட்டி முழுசாக வாங்கவேண்டும், வெட்டி விற்பது ஆகாது. கட்டை விரல் தடிமனுக்கு வெட்டவேண்டும். ஒரு பக்கம் மட்டும் மார்ஜரின் தடவித் தோசைக்கல்லில் போட்டுச் சிவக்க விடவேண்டும். சிவந்த பக்கம் உள்ளே போகவேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு ரொட்டி ஊறிப்போச்சு என்று என்னிடம் வந்து அழுகிறார்கள். முதலில் வெங்காயமும் பச்சைமிளகாயும் போட்டுப் பொரித்த முட்டை. அதற்கு மேல் மஞ்சளும் கறிவேப்பிலையும் தாளித்து மசித்த உருளைக்கிழங்கு. அதற்கு மேல் நெத்திலிச் சம்பல். காய்ந்த மிளகாயை ஊறவைத்து வெங்காயத்தோடு அரைத்து, எண்ணெய் பிரியும்வரை வதக்கி, புளியும் துளி சீனியும் போட்டு, தனியாக மொறுமொறுவென்று பொரித்த நெத்திலியைக் கடைசியில் கொட்டிப் பிரட்டவேண்டும். அப்புறம் வெள்ளரிக்காய், மறுபடி ரொட்டி. எல்லாம் சேர்ந்து கோபுரம் போல நிற்கும். அதை மறுபடி தோசைக்கல்லில் வைத்து, அதன் தலைமேல் தண்ணீர் நிரம்பிய கேத்தலைத் தூக்கி வைத்துவிடுவேன். இரண்டு நிமிஷத்தில் கோபுரம் படிந்து வாய்க்குள் போகும் அளவுக்கு வந்துவிடும். பிறகு மெழுகுத்தாளில் இறுக்கிச் சுற்றவேண்டும். தாளைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து உரித்து உரித்துக் கடிக்கலாம், ரொட்டியில் கை படவே வேண்டாம். என் கணவரின் வயிறு இதனால்தான் ஆறியது என்று நான் நம்புகிறேன். மருந்து கொடுத்த டாக்டர் வேறு மாதிரி சொல்லலாம்.

இதை எழுத உட்கார்ந்தது பெருமை பேசுவதற்காக அல்ல. போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இதே சாண்ட்விச்சை வைத்துக்கொண்டு நான் என் மகளின் கல்யாணத்தைக் கெடுக்கப் பார்த்தேன். அதைச் சொல்லத்தான்.

எங்களுக்கு ஒரே மகள். மந்தினில் ஒரு பல் மருத்துவரிடம் வேலை செய்கிறாள். அதே கடை வரிசையில் இருக்கும் மருந்துக்கடையில் மருந்தாளராக இருக்கும் பையனை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. இரண்டு வருஷம் மூடி வைத்திருந்துவிட்டு, ஒரு நாள் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

"யாரு ஆளுங்க?" என்றேன்.

"சிலோன்காரங்கமா. லோபாக்ல வீடு. அம்மா இல்ல, இறந்து ஒரு வருஷமாச்சு. அப்பா மட்டும்தான். தலைமையாசிரியரா இருந்து ரிட்டையர் ஆனவரு."

"பையனோட தாத்தா என்ன வேலை பாத்தாராம்?"

மகள் கொஞ்சம் தயங்கினாள். "கிராணி."

நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அந்தச் சொல்லை விளக்கவேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். வெள்ளைக்காரத் துரைக்குக் கீழே ஆபீசில் உட்கார்ந்து, வேலைக்கு வந்தவர்களின் பேர் எழுதியவர் கிராணி. பெரும்பாலும் யாழ்ப்பாணத்துக்காரர். ரப்பர் வெட்டுக்காட்டில் நாங்கள், ஆபீசில் அவர்கள். இரண்டு பேரும் பேசியது தமிழ்தான், கும்பிட்டதும் அதே முருகனைத்தான். ஆனால் அவர்கள் எங்கள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. என் அம்மா பால்வெட்டு முடிந்ததும் ஒரு கிராணி வீட்டில் பாத்திரம் கழுவப் போவார். ஒரு முறை நானும் கூடப் போனேன். அந்த வீட்டு அம்மா ரொட்டியின் ஓரங்களையெல்லாம் வெட்டி எடுத்துவிட்டு, நடுவில் உள்ள வெள்ளைப் பகுதியை மட்டும் முக்கோணமாக நறுக்கித் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். வெட்டிய ஓரங்களைக் காகிதத்தில் சுற்றி அம்மாவிடம் கொடுத்தார். நாங்கள் பின்கதவுப் படியில் நின்றுதான் வாங்கிக்கொண்டோம். வீட்டுக்கு வந்து அந்த ஓரங்களைச் சம்பலில் தொட்டுத் தின்றோம். ருசியாகத்தான் இருந்தது. அந்த அம்மா நல்லவர் என்றுகூட என் அம்மா சொன்னார். ஆனாலும் அந்தப் படி எனக்கு மறக்கவில்லை.

ஆகவே நான் மகளிடம் ஒன்றுதான் சொன்னேன். "பையனோட அப்பா நம்ம வீட்டுக்கு வரட்டும். வந்து நம்ம கையால சாப்பிடட்டும். சாப்பிட்டா கட்டிக் குடுக்குறேன். இல்லன்னா நீ போற வீட்ல உன்ன எங்க நிக்க வைப்பாங்கன்னு எனக்குத் தெரியும்."

"அதெல்லாம் அந்தக் காலம்மா. ரிலேக்ஸ்லா" என்றாள் அவள். நான் ரிலேக்ஸ் ஆகவில்லை.

அவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். பகல் சாப்பாட்டுக்கு இருக்க முடியாது, சிரம்பானில் வேறு வேலை இருக்கிறது என்றும் தகவல். இட்லி, தோசை, வடை, கேசரி என்று நான் மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தபோது மகள், "அம்மா, உங்க சாண்ட்விச்ச செய்ங்க. அவருக்கு ரொம்பப் பிடிக்கும். நான் கொண்டுபோறதுல பாதிய அவருதான் சாப்பிடுறாரு" என்றாள். மாப்பிள்ளைப் பையனைச் சொன்னாள்.

"சம்பந்திக்கு ரொட்டியா? ஏன், அவருக்கென்ன காய்ச்சலா?" என்று கேட்டேன்.

என் கணவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஆனால் அன்று ராத்திரி படுத்துக்கொண்டே யோசித்தபோது வேறு மாதிரி தோன்றியது. கிராணி வீட்டில் ரொட்டிதானே சாப்பிட்டார்கள்? அப்படியென்றால் ரொட்டியே செய்வோம். ஆனால் எங்கள் ரொட்டி வேண்டாம், அவர்கள் ரொட்டியைச் செய்வோம். என்னால் முடியாது என்று யாரும் நினைக்கக்கூடாது.

மறுநாள் கணவரை இழுத்துக்கொண்டு லோபாக் கடைக்குப் போனேன். வெட்டி விற்கும் மெல்லிய வெள்ளை ரொட்டி, சீஸ், மயோனிஸ் எல்லாம் வாங்கினேன். இதுவரை நான் தொட்டுப் பார்க்காத சாமான்கள். கடைப் பெண்ணிடம் மயோனிஸை அடுப்பில் வைக்கவேண்டுமா என்று கேட்டேன். அவள் வேண்டாம் என்றாள். என் கணவர் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். "கிராணி போயி அம்பது வருசமாச்சு, இன்னும் அவருக்குத்தான் சமைக்கிற போல" என்றார். நான் அவரோடு வீடு வரும்வரை பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கே எழுந்துவிட்டேன். வீட்டைக் கூட்டி, சாமி விளக்கேற்றி, ரொட்டியை எடுத்து வைத்தேன். ஓரங்களை வெட்டினேன். மயோனிஸைத் தடவினேன். வெள்ளரிக்காயைத் தாள் போலச் சீவி அடுக்கினேன். சீஸ் வைத்தேன். குறுக்காக வெட்டினேன். ஒன்றின்மேல் ஒன்றாகக் கண்ணாடித் தட்டில் அடுக்கிப் பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. ஒன்றை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தேன். உப்பு, காரம், புளிப்பு எதுவும் இல்லை. நல்லாத்தான் இருக்கும், அவர்கள் இப்படித்தான் சாப்பிடுவார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். என் கணவர் வந்து வெட்டிப் போட்ட ஓரங்களைப் பொறுக்கித் தின்றுகொண்டே, "இதுதான் நல்லா இருக்கு" என்றார். அவர் கையில் ஒரு அடி போட்டேன்.

சரியாக எட்டு மணிக்குக் கார் வந்தது. பையன் நல்ல உயரம், பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. அப்பா மெலிந்த மனிதர். வெள்ளைச் சட்டை, நெற்றியில் மெல்லிசாகத் திருநீறு. கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் வெற்றிலையும் கொண்டுவந்திருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாகச் சேர்த்து வைத்தார். நான் கும்பிட்டு, "வாங்க, வாங்க" என்றேன். என் அம்மா கிராணியை 'ஐயா' என்று கூப்பிடுவார். அந்த வார்த்தை என் வாய்வரை வந்தது, கடித்து உள்ளே அனுப்பிவிட்டேன்.

எல்லோரும் உட்கார்ந்ததும் எங்கள் வழக்கப்படி கேட்டேன். "பசியாறிட்டீங்களா?"

"ஓம் ஓம், நாங்கள் சாப்பிட்டிட்டுத்தான் வந்தனாங்கள். நீங்கள் கரைச்சல் படாதேங்கோ" என்றார் அவர்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் பக்கத்தில் 'பசியாறியாச்சா' என்று கேட்டால் பட்டினி கிடப்பவன்கூட முதல் தடவை 'ஆச்சு' என்றுதான் சொல்வான். இரண்டாம் தடவை கேட்டால் 'இப்பதான்' என்பான். மூன்றாம் தடவை கேட்டால் இலையில் உட்கார்ந்துவிடுவான். மூன்று தடவை கேட்பது வீட்டுக்காரியின் கடமை. எனக்கு இது தெரியாததா? ஆனால் எனக்கு அந்த நேரத்தில் ஐந்து வயசுப் பெண்ணாக நின்ற பின்கதவுப் படிதான் கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டாவது தடவை கேட்கவில்லை. "அப்படியா, சரி" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

கொஞ்ச நேரத்தில் மகள் தண்ணீர் எடுக்க வந்தாள். "ஏம்மா ரெண்டாவது தடவ கேக்கல?"

"அவங்கதான் சாப்பிட்டு வந்தாங்களே."

"அம்மா…"

"போய் உக்காரு."

அவள் முகம் தொங்கிப்போயிற்று. தண்ணீரைக் கொண்டுபோய் வைத்தாள். அவர் அந்தத் தண்ணீரைக்கூடத் தொடவில்லை என்பதை நான் கதவு இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டேன். கூடத்தில் என் கணவரும் அவரும் செம்பனையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். கன்று எத்தனை வருஷத்தில் காய்க்கும், குலை எத்தனை கிலோ இருக்கும், பழைய ரப்பர் மரமெல்லாம் எப்போது வெட்டினார்கள் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். என் கணவருக்கு இப்படி ஓர் ஆள் கிடைத்ததில்லை. முக்கால் மணி நேரம் போயிற்று. கல்யாணப் பேச்சு வாயிலேயே வரவில்லை. கண்ணாடித் தட்டில் என் முக்கோணங்கள் ஓரம் சுருண்டு காய ஆரம்பித்தன.

என் கணவர் மெல்ல எழுந்து அடுப்படிக்கு வந்தார். வயிற்றுப் புண்காரர், காலையிலிருந்து நாலு ரொட்டி ஓரத்தைத் தவிர ஒன்றும் சாப்பிடவில்லை. "எனக்கு ஏதாச்சும் குடு. அந்த வெள்ளைய இல்ல. நம்மளோடது" என்றார்.

எனக்கும் கையை எதிலாவது போடவேண்டும் போல இருந்தது. முதல் நாள் வாங்கி வைத்த முழு ரொட்டி இருந்தது. எடுத்துத் தடிமனாக வெட்டினேன். தோசைக்கல்லைப் பற்றவைத்தேன். முட்டையை உடைத்து ஊற்றினேன். சம்பலைச் சூடாக்கினேன். அந்த வாசனை எழும்பியதும் என் கோபமும் கூடவே எழும்பியது.

"பாத்தீங்களா? தண்ணியக்கூடத் தொடல. லயத்து வீட்டுத் தண்ணி தொண்டையில எறங்காதாம்."

"கத்தாத. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முடிவு சொல்லுற வரைக்கும் பொண்ணு வீட்ல கை நனைக்கமாட்டாங்க. முறைதானே அது. எங்கப்பாவும் உங்க வீட்ல நனைக்கலியே."

"முறையும் மண்ணும்! இந்தக் காலத்துல எவன் அதெல்லாம் பாக்குறான்? நல்லாக் கேட்டுக்குங்க. என் பொண்ணு கொண்டுவந்து வச்சத தொடமாட்டேன்னு சொல்லுற மனுசன் இருக்குற வீடு எனக்கு வேணாம். அவ படிச்ச பொண்ணு, நாலு பேருக்குச் சோறு போடுற பொண்ணு. அவள ஒருத்தன் படியில நிக்க வச்சான்னா நான் உசுரோட இருக்கமாட்டேன். கல்யாணமே ஆவாட்டியும் பரவால்ல, என் வீட்லயே இருக்கட்டும்!"

எங்கள் வீடு பலகை வீடு. கூடத்தில் தும்மினால் அடுப்படியில் ஆயுசு சொல்லலாம். முப்பது வருஷமாக அதில் குடியிருக்கிறேன், இது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? நான் சொல்லி முடித்தபோது கூடத்தில் மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. என் கணவர் என்னைப் பார்த்தார்.

கூடத்தில் நாற்காலி நகர்ந்தது. போகிறார்கள் என்று நினைத்தேன். மகளின் முகத்தை இனி எப்படிப் பார்ப்பது என்று நினைத்தேன். இருபத்தொன்பது வயசில் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான், அதையும் நானே மண்ணில் போட்டுவிட்டேன். என்ன செய்வதென்று தெரியாமல், முடிந்திருந்த சாண்ட்விச்சை எடுத்துப் பழக்கத்தில் மெழுகுத்தாளில் சுற்றினேன்.

அவர் அடுப்படி வாசலில் வந்து நின்றார். பின்னால் பையனும் மகளும் நின்றார்கள். மகள் அழுதிருந்தாள்.

"நான் பொய் சொல்லிப்போட்டன். காலமையிலிருந்து நாங்கள் ரெண்டு பேரும் ஒண்டும் சாப்பிடேல்லை" என்றார் அவர்.

அவரே மறுபடி பேசினார்.

"முடிவு சொல்லாமல் பொம்பிளை வீட்டில கை நனைக்கக்கூடாதெண்டு என்ர மனுசி சொல்லுவா. அவ இருந்திருந்தா அவதான் வந்து பாத்து முடிவு சொல்லியிருப்பா. எனக்கு இதெல்லாம் தெரியாது. என்னத்தைப் பாக்கிறது, என்னத்தைக் கேக்கிறதெண்டு விளங்கேல்லை. அதுதான் இவ்வளவு நேரமும் செம்பனையைப் பற்றிக் கதைச்சுக்கொண்டு இருந்தனான்."

என் கணவர் தன்னை அறியாமல் சிரித்துவிட்டார். அவரும் கொஞ்சம் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, அதனால் எனக்கு இன்னும் கூசியது.

"நான் ஏதோ கோவத்துல… மன்னிச்சிருங்க" என்றேன்.

"என்னத்துக்கு மன்னிப்பு? நீங்கள் பிள்ளைக்காகக் கத்தினனீங்கள்." அவர் அடுப்பையும் தோசைக்கல்லையும் கேத்தலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "அவ போனதுக்குப் பிறகு எங்கட குசினியில ஒருத்தரும் சத்தம் போட்டதில்லை. நானும் இவனும் கடையில வாங்கி, ரீவியைப் பாத்துக்கொண்டு சாப்பிடுறம். இப்பிடி ஒரு சத்தத்தைக் கேட்டு ஒரு வருசமாச்சு."

அப்போதுதான் எனக்கு அவர் சட்டைக் காலர் தெரிந்தது. முன்பக்கம் மட்டும் தேய்த்திருந்தார், காலரின் பின்பக்கம் கசங்கியே இருந்தது. அந்த வீட்டில் பார்த்துச் சொல்ல ஆளில்லை. காலையிலிருந்து நான் சண்டை போட்டது யாரோடு என்று யோசித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தக் கிராணி எப்போதோ செத்துப்போனார். இவர் மனைவியை இழந்துவிட்டு, மகனுக்குப் பெண் பார்க்கத் தெரியாமல் வந்து நிற்கும் ஒரு மனிதர்.

இந்த நேரத்தில் பேச்சை எடுத்துக் கொடுப்பதில் என் கணவரை மிஞ்ச ஆள் இல்லை. மெழுகுத்தாளில் சுற்றியதை என் கையிலிருந்து வாங்கி அவரிடம் நீட்டினார். "இந்தாங்க சார். தாளப் புடிச்சுக்கிட்டே சாப்பிடலாம். கை நனைக்க வேணாம், உங்க முறையும் கெடாது. முடிவ மெதுவா வீட்டுக்குப் போயி சொல்லுங்க."

அவர் அதை வாங்கிக்கொண்டார். கையில் வைத்துச் சூட்டைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தாளை முழுக்கப் பிரித்து, எங்கள் மேசையிலிருந்த தட்டை எடுத்து, அதில் சாண்ட்விச்சை வைத்தார். தாளை நாலாக மடித்து ஓரமாக வைத்தார்.

"கை கழுவுற பைப் எங்க?" என்று கேட்டார்.

அடுப்படியில் இருந்த ஐந்து பேருக்கும் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியும். என் மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். பையன் சுவரைப் பிடித்துக்கொண்டான். என் கணவர் பின்கதவைக் காட்டினார். அவர் வெளியே போய்ப் பைப்பைத் திறந்து, நிதானமாக, மணிக்கட்டுவரை இரண்டு கையையும் கழுவினார். தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் நின்றேன். வேட்டி கட்டியவர்கள் தட்டு மாற்றி, மேளம் கொட்டி நிச்சயம் செய்வதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்தப் பைப்புத் தண்ணீர் போதும் என்று இருந்தது.

ஈரக் கையோடு உள்ளே வந்து அடுப்படி மேசையிலேயே உட்கார்ந்தார். கூடத்துக்குப் போகலாம் என்று நான் சொன்னேன், அவர் கேட்கவில்லை. நான் பரபரவென்று அடுத்த ரொட்டியை வெட்டப் போனேன். மாப்பிள்ளைக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று, என் கணவருக்கு ஒன்று என்று கணக்குப் போட்டுக்கொண்டு முட்டையை எடுத்தேன். அவர் சாப்பிட ஆரம்பிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சம்பல் காரமாக இருக்குமோ, சீஸ் தட்டை எடுத்து வைக்கட்டுமா என்று நான் தடுமாறினேன்.

"சம்பந்தியம்மா," என்றார் அவர். "நீங்கள் நிண்டுகொண்டிருந்தா நான் எப்பிடிச் சாப்பிடுறது? இருங்கோ."

அந்த மேசையை நாங்கள் வாங்கிப் பல வருஷம் ஆகிறது. விருந்தாளி உட்கார்ந்து சாப்பிடும்போது நான் அதில் உட்கார்ந்ததே இல்லை. என் கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். மகள் வந்து என் கையிலிருந்த முட்டையை வாங்கிக்கொண்டாள். உட்கார்ந்தேன். அழுகை வந்தது, அழுதேன். சம்பந்தி எதிரில் உட்கார்ந்து அழக்கூடாது என்று ஒரு முறை இருக்கலாம், எனக்குத் தெரியாது. அவர் தட்டிலிருந்த சாண்ட்விச்சை இரண்டாகப் பிய்த்தார். சம்பல் ஒழுகி விரலெல்லாம் சிவந்தது. பெரிய பாதியை என் முன்னால் வைத்துவிட்டு, சின்னதைத் தான் கடித்தார்.